பழைய கனடா ஷேவிங் பிரஷ்: கைப்பிடியைக் காப்பாத்துங்க, முடியை யோசிங்க

இந்த வாரம் உங்க உள்ளங்கைக்குள் அடங்குற ஒரு பொருளைப் பற்றிப் பேசப் போறோம். நாலு அங்குல உயரம். கீழே ஒரு கைப்பிடி, மேலே ஒரு கொத்து முடி. ஷேவிங் பிரஷ். அதிலும் கனடாவில் செஞ்ச பழைய ஷேவிங் பிரஷ்.

"இதைப் போய் யாராவது சேகரிப்பாங்களா?"ன்னு கேட்காதீங்க. சேகரிக்கிறாங்க. டொரண்டோ, மாண்ட்ரியல், செயின்ட் ஜான் மாதிரி ஊர்களில் ஆன்டிக் கடை, பழைய சாமான் சந்தை, வீட்டைக் காலி பண்ணும்போது நடக்கிற விற்பனை எல்லாத்திலும் இது கிடைக்கும். ரேஸரைத் தேடி வர்றவங்க அதிகம். பிரஷ்ஷைத் திரும்பிப் பார்க்கிறவங்க குறைவு. அதனால ஒரு நல்ல காபிக்கும் சாண்ட்விச்சுக்கும் ஆகிற காசில்கூட ஒண்ணு அமைஞ்சிடும்.

ஆனா வாங்கின உடனே ஒரு முடிவு எடுக்கணும். கழுவி அப்படியே முகத்தில் வைக்கலாமா? முடியை எடுத்துட்டுப் புதுசா வைக்கலாமா? இல்ல, எதையும் தொடாம அலமாரியில் வைக்கலாமா? கேட்க சின்ன விஷயம் மாதிரி இருக்கும். இதுக்குப் பின்னால ஒரு உலகப் போரும் ஒரு கொடிய நோயும் இருக்கு. அதனால இன்னைக்கு எபிசோட் பாதி வரலாறு, பாதி வேலை செய்முறை, நடுவில் ஒரு எச்சரிக்கை.

கனடாவுக்கும் பிரஷ்ஷுக்கும் என்ன சம்பந்தம்?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரஷ் செய்றது பெரிய தொழில். பெயின்ட் பிரஷ், துணி பிரஷ், துடைப்பம், குதிரையைத் தேய்க்கிற பிரஷ், எல்லாத்துக்கும் விலங்கு முடியும் மரமும் வேணும். கனடாவில் மரத்துக்குப் பஞ்சமே இல்லை. துறைமுகம் இருந்தா முடியும் வந்து இறங்கும்.

இரண்டு பேரை மட்டும் நினைவில் வச்சுக்கோங்க. முதலாவது, டொரண்டோவின் போக் குடும்பம். 1856-ஐத் தன் தொடக்க ஆண்டாகப் போட்டுக்கொள்ளும் கம்பெனி அது. இரண்டாவது, நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் செயின்ட் ஜான் நகரத்தின் டி.எஸ். சிம்ஸ் அண்ட் கம்பெனி. இவங்களோட தொடக்கம் 1866. அந்த ஊரில் 'சிம்ஸ் கார்னர்'னு ஒரு சாலைச் சந்திப்பு இருக்கு. பக்கத்தில் இருந்த பிரஷ் ஃபேக்டரியின் பெயர்தான் அந்த முக்குக்கே பெயரா நின்னுடுச்சு. நம்ம ஊரில் சினிமா தியேட்டர் போன பிறகும் பஸ் ஸ்டாப்புக்கு அதோட பெயர் நிக்கிற மாதிரிதான்.

கனடா பிரஷ்ஷில் அடிக்கடி கண்ணில் படுற ஒரு வாசகம், 'ரப்பரில் பதிக்கப்பட்டது' என்பது. இது வெறும் விளம்பரம் இல்லை. அதுக்கு முன்னால முடிக்கொத்தை நூலால் கட்டி, பிசினோ கோந்தோ ஊத்திக் குழிக்குள் இறுக்குவாங்க. ஷேவிங் பிரஷ் தினமும் சுடுதண்ணியில் முங்குற பொருள். கொஞ்ச நாளில் பிசின் இளகும், முடி உதிரும். காலையில் முகத்தில் நுரையோட நாலு முடி ஒட்டியிருந்தா எப்படி இருக்கும்? முடியின் அடியை ரப்பரில் நிறுத்தி, கந்தகம் சேர்த்துச் சூடாக்கிக் கெட்டிப்படுத்தும் முறை வந்ததும் அந்தத் தொல்லை குறைஞ்சுது. அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் ரப்பர்செட் கம்பெனி இந்த முறையையே தன் பெயரா வச்சுக்கிட்டது. அதே பெயரில் கனடாவிலும் பிரஷ் வந்தது.

வீட்டு ஷேவிங்கே அப்போதான் பரவுது. கிங் கேம்ப் ஜில்லெட்டின் சேஃப்டி ரேஸருக்கு 1904-ல் அமெரிக்கப் பேடன்ட் கிடைச்சுது. கனடாவில் மாண்ட்ரியலிலும் ஜில்லெட் ஃபேக்டரி நடந்தது. சலூனுக்குப் போய்க் கத்தி வைக்கச் சொன்ன ஆம்பளைங்க, வீட்டுக் கண்ணாடி முன்னால நின்னாங்க. அப்போ ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ரேஸர், ஒரு சோப்பு, ஒரு பிரஷ் தேவைப்பட்டது. 1949-ல் அமெரிக்காவில் அழுத்தினா நுரை வர்ற டப்பா விற்பனைக்கு வந்தது. பிரஷ்ஷின் இறங்குமுகம் அங்கேதான் தொடங்குது. எழுபதுகளில் கார்ட்ரிட்ஜ் ரேஸரும், ஒருமுறை போட்டுத் தூக்கி எறியுற ரேஸரும் வந்து மிச்சத்தையும் முடிச்சுது.

ஆக, நாம தேடுறது பெரும்பாலும் இருபதுகளில் இருந்து அறுபதுகள் வரைக்கும் உள்ள பொருள். இந்த ஆண்டுக்கணக்கு ரொம்ப முக்கியம். ஏன்னு இப்போ சொல்றேன்.

அடைப்பான் நோய் வந்த கதை

கிராமத்தில் மாடு வளர்த்தவங்களுக்கு அடைப்பான் நோய்னா தெரியும். ஆங்கிலப் பெயர் ஆந்த்ராக்ஸ். ஆடு, மாடு, குதிரை மாதிரி மேயுற விலங்குகளுக்கு வர்ற பாக்டீரியா நோய். இந்தக் கிருமி தன்னைச் சுற்றி ஓர் ஓடு மாதிரி கட்டிக்கிட்டு, பல பத்தாண்டுகள் உறங்கிக்கிடக்கும். வெயில், வறட்சி எதுவும் அதை அவ்வளவு லேசா அசைக்காது.

முதல் உலகப் போருக்கு முன்னால நல்ல ஷேவிங் பிரஷ்னா பேட்ஜர் முடி. தண்ணியைப் பிடிச்சு வைக்கும், முனை மெத்துனு இருக்கும். போர் வந்ததும் பழைய வர்த்தகப் பாதைகள் அடைபட்டுச்சு. அதே நேரம் லட்சக்கணக்கான சிப்பாய்களுக்குப் பிரஷ் வேணும். என்ன பண்ணாங்க? ஆசியாவிலிருந்து மலிவான குதிரை முடியை இறக்கி, பேட்ஜர் மாதிரி தெரியச் சாயம் போட்டாங்க. அந்த அவசரத்தில் சில முடிகள் சரியாகக் கிருமிநீக்கம் ஆகலை.

ஷேவ் பண்ணும்போது தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். அதுக்கு மேலேயே பிரஷ்ஷால் தேய்க்கிறோம். கிருமிக்கு இதைவிட நல்ல வாசல் வேணுமா? பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் சிப்பாய்களுக்கும் சாதாரண மக்களுக்கும் முகத்திலும் கழுத்திலும் கறுப்புப் பொருக்கோட புண் வந்தது. சிலர் இறந்தே போனாங்க. ஆன்டிபயாடிக் இல்லாத காலம் அது என்பதை மறக்கக்கூடாது. பிரிட்டன் 1919-ல் ஆந்த்ராக்ஸ் தடுப்புக்குத் தனிச் சட்டமே போட்டது. அதற்குப் பிறகு வந்த பிரஷ்கள் பலதில் 'ஸ்டெரிலைஸ்டு'ன்னு முத்திரை இருக்கும். அதைப் பார்த்தா அலட்சியமா கடந்து போகாதீங்க. பயந்துபோன ஒரு தலைமுறைக்குக் கடைக்காரன் கொடுத்த உறுதிமொழி அது.

இது பழங்கதை இல்லையா? நோய் பழசுதான், ஆனா பழைய பிரஷ்ஷைத் தேடுற ஆசை புதுசு. அதனால்தான் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. நடத்துற ஆய்விதழில் 2017-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அதன் சாரம் இதுதான்: இன்னைக்கு ஆபத்து மிக மிகக் குறைவு. ஆனாலும் 1930-க்கு முந்தைய விலங்குமுடிப் பிரஷ்ஷில் அது பூஜ்யம் இல்லை.

நான் வச்சிருக்கிற விதி இதை ஒட்டித்தான். 1930-க்கு முந்தையதுன்னு தெரிஞ்சாலோ, காலமே தெரியலைன்னாலோ, அந்த முடி முகத்துக்குப் போகாது. கொதிக்கிற தண்ணி, வினிகர், ஷாம்பு, டெட்டால், எதை நம்பியும் போகாது. சாதாரணக் கொதிநிலையை அந்தக் கிருமி தாங்கும். ஆய்வகத்தில் அழுத்த நீராவியை 121 டிகிரிக்குக் கொண்டுபோறது சும்மா இல்லை. அந்தச் சூட்டை நம்ம பிரஷ் கைப்பிடியும் தாங்காது.

காலத்தைக் கண்டுபிடிக்கிறது எப்படி?

துல்லியமா ஆண்டைச் சொல்ல முடியாது. குறிப்புகளைச் சேர்த்துச் சேர்த்து ஒரு வட்டத்துக்குள் கொண்டு வரலாம்.

முதலில் முடி. நைலான் இழை கடைக்கு வந்ததே 1938-ல், அதுவும் டூத் பிரஷ்ஷில்தான். அதனால கொத்து ஒரிஜினலா இருந்து, அதில் நைலான் இருந்தா, அது அதுக்குப் பிந்தையது. இரண்டாவது, எழுத்து. பெட்டியோட கிடைச்சா ஆங்கிலமும் பிரெஞ்சும் சேர்ந்து இருக்கான்னு பாருங்க. கனடாவில் பொட்டல லேபிள்களுக்கு இரண்டு மொழியும் கட்டாயம்னு நாடு தழுவிய சட்டம் எழுபதுகளில்தான் நடைமுறைக்கு வந்தது. அதுக்கு முன்னாலேயே கியூபெக் வாடிக்கையாளர்களுக்காக இருமொழியில் அச்சடிச்சவங்களும் உண்டு. அதனால பிரெஞ்சு இருந்தா பிந்தையதுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது; பெட்டியில் ஆங்கிலம் மட்டும் இருந்தா பழசா இருக்க வாய்ப்பு அதிகம். மூன்றாவது, கைப்பிடி எதனால் ஆனதுங்கிறது. அதைத்தான் கொஞ்சம் விரிவா பார்க்கணும்.

கைப்பிடியோட பேசிப் பாருங்க

மரம்னா பார்த்தாலே தெரியும். மேலே பெயின்ட் இருந்தா, அந்தக் காலத்துப் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க. அந்தத் தூசு உங்க நுரையீரலுக்கும் ஆகாது, வீட்டில் தவழுற குழந்தைக்கும் ஆகாது.

செல்லுலாய்டு லேசா இருக்கும். கட்டைவிரலால் சூடு வர்ற வரைக்கும் தேய்ச்சு மோந்து பார்த்தா கற்பூர வாசனை வரும். நம்ம பூஜை அறைக் கற்பூரமேதான். செல்லுலாய்டில் சேர்க்கிற பொருளே அது. கற்பூரம் மாதிரியே இதுவும் சட்டுனு தீப்பிடிக்கும். இணையத்தில் 'ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்திப் பார்'னு சில பேர் யோசனை சொல்வாங்க. தயவுசெய்து வேண்டாம்.

பேக்லைட், லியோ பேக்லேண்ட் கண்டுபிடிச்ச பிளாஸ்டிக். 1909-ல் உலகத்துக்கு அறிவிச்சார். பெரும்பாலும் கறுப்பு, அடர் பழுப்பு. மரத்தூள் மாதிரி நிரப்பிகள் சேர்த்து அச்சில் அழுத்தினது. சிலதில் ஆஸ்பெஸ்டாஸ்கூட நிரப்பியா இருந்ததுண்டு. அதனால இதையும் உலர்வா அறுக்கவோ தேய்க்கவோ கூடாது.

காட்டலின், பேக்லைட்டின் வண்ணத் தங்கச்சி. நிரப்பி இல்லாம வார்க்கிறதால நிறம் பளிச்சுனு வரும். கையில் எடுத்தா கனமா, வழவழன்னு இருக்கும். சேகரிக்கிறவங்க உயிரை விடுறது இதுக்குத்தான். இதில் ஒரு வேடிக்கை இருக்கு. இப்போ பட்டர்ஸ்காட்ச் மிட்டாய் நிறத்தில் இருக்கிற கைப்பிடி, கடைக்கு வந்தப்போ வெள்ளையா, தந்தம் மாதிரி இருந்திருக்கலாம். காத்தும் வெளிச்சமும் பட்டுப் பட்டு, மேல்தோல் மட்டும் மஞ்சளாகிடும். ஈரத் துணியில் மெட்டல் பாலிஷ் தொட்டுத் தேய்ச்சா, துணியில் மஞ்சள் ஒட்டும். அதுதான் அடையாளம்.

இங்கே உங்களுக்கு முதல் சோதனை. பாலிஷ் போட்டுக்கிட்டே போனா உள்ளே இருக்கிற பழைய வெள்ளை வெளியே வந்துடும். அப்போ எது ஒரிஜினல்? ஃபேக்டரியில் இருந்து வந்த வெள்ளையா, எத்தனையோ வருஷம் யாரோ ஒருத்தரின் குளியலறையில் வாங்கின மஞ்சளா? என் விடை: மஞ்சளை விட்டுடுங்க. வெள்ளையை எப்ப வேணா கொண்டு வரலாம். மஞ்சளைத் திரும்ப வாங்க உங்க ஆயுசு போதாது.

வேலைக்கு இறங்குவோம்

கையில் இருக்கிறது 1930-க்குப் பிந்தையது, கைப்பிடி செல்லுலாய்டு இல்லைன்னு வச்சுக்குவோம். ரப்பர் காய்ஞ்சு நொறுங்கி, முடி கொட்டுது. இப்போ என்ன செய்யலாம்?

வேலைக்கு முன்னால நாலு பக்கமும் போட்டோ எடுங்க. எழுத்து, முத்திரை, நிறம் எல்லாம் பதிவாகட்டும். முத்திரை அச்சு மட்டும் மெல்லியதா இருந்தா அதன் மேல் துணியைக்கூட அழுத்தித் தேய்க்காதீங்க. அந்த எழுத்துப் போச்சுன்னா, பிரஷ் பிறந்த ஊரே போன மாதிரி.

அடுத்து, கையுறையும் நல்ல முகமூடியும் போட்டுக்கோங்க. பழைய முடியைத் தட்டவோ ஊதவோ வேண்டாம். சோப்புத் தண்ணியில் நனைச்சு, ஈரமா இருக்கும்போதே கத்திரியால் அடியோட நறுக்கி, பையில் கட்டிக் குப்பையில் போடுங்க. இப்போ குழிக்குள் கெட்டி ரப்பர் மட்டும் நிக்கும். இதுதான் இருக்கிறதிலேயே பொறுமை கேட்கிற இடம். குழியின் விட்டத்தைவிட ஒரு அளவு சின்னதா, தட்டையான அடியோட துளைக்கிற டிரில் பிட் எடுத்து, மெதுவான வேகத்தில், அப்பப்போ நிறுத்தி நிறுத்தி இறங்கணும். சூடேறினா கைப்பிடி வெடிக்கும். கடைசி ஓரத்தை டிரில்லால் தொடாம, சின்ன உளியாலும் உப்புத்தாள் சுத்தின குச்சியாலும் ஈரத்திலேயே சுரண்டுங்க. ஒரு சனிக்கிழமை மதியம் முழுக்க இதுக்கே போயிடும். போகட்டும்.

குழி சுத்தமானதும் அளவு எடுக்கணும். இரண்டு எண் போதும்: விட்டம், ஆழம். புது முடிக்கொத்துகள் 20, 22, 24 மில்லிமீட்டர்னு விட்டக் கணக்கில் விக்குது. குழியைவிட மயிரிழை சின்னதா இருக்கணும். குழிக்கு வெளியே எவ்வளவு உயரம் முடி நிக்குதுங்கிறதை வச்சுத்தான் பிரஷ்ஷின் குணம். உயரம் கூடினா தொளதொளன்னு மெத்துனு இருக்கும். குறைஞ்சா முதுகெலும்போட விறைப்பா நிக்கும். 24 மில்லிமீட்டர் பேட்ஜருக்குச் சுமார் 50 மில்லிமீட்டர் வெளியே தெரிஞ்சா நடுத்தரமா அமையும். குழி ரொம்ப ஆழமா இருந்தா, அடியில் ஒரு மரத்துண்டோ இரண்டு வாஷரோ போட்டு உயர்த்திக்கலாம். பசை போடாம வச்சு, தள்ளி நின்னு பாருங்க. கண்ணாடியில் பாருங்க. கண்ணுக்குச் சரின்னு பட்ட பிறகுதான் பசை.

பசையில் இரண்டு கட்சி. ஒரு கட்சி எபாக்சி, ஒட்டினா ஒட்டினதுதான். இன்னொரு கட்சி, தண்ணி புகாத சிலிக்கான். பின்னாளில் தேவைப்பட்டா கழற்றலாம். நான் இரண்டாம் கட்சி. அடுத்து இந்தப் பிரஷ் யார் கைக்குப் போகும்னு நமக்குத் தெரியாது. அவங்களும் ஒருமுறை முடிவு பண்ணட்டுமே.

என்ன முடி வைக்கலாம்? காட்டுப்பன்றி முடி விலை குறைவு. ஷேவுக்கு முன்னால தண்ணியில் ஊறணும், ஒரு மாசம் பழகப் பழக முனை பிரிஞ்சு மெத்துனு ஆகும். பேட்ஜர் விலை அதிகம், விலங்கு எப்படிக் கொல்லப்பட்டதுங்கிற கேள்வியும் கூடவே வரும். இப்போ வர்ற செயற்கை இழை நல்லாவே இருக்கு: சீக்கிரம் காயும், ஊற வேண்டாம், யாரையும் கொல்லவும் வேண்டாம். பழைய கைப்பிடியில் செயற்கை இழை வைக்கிறதைப் பாவம்னு நினைக்கிற சேகரிப்பாளர்கள் இருக்காங்க. ஆனா, தன் காலத்தில் புதுசா இருந்த ரப்பரை நம்பி எடுத்துக்கிட்ட ஒரு பொருளுக்கு, நம்ம காலத்துப் புதுசைக் கொடுக்கிறதில் எனக்குத் தப்பு தெரியலை.

ஒட்டி ஒரு நாள் முழுக்க அசைக்காம நிறுத்தி வையுங்க. அப்புறம் பயன்படுத்தும்போது இரண்டு பழக்கம் போதும்: ஷேவ் முடிஞ்சதும் சோப்பு முழுக்கப் போற வரைக்கும் அலசி உதறுங்க, ஈரத்தோட மூடின டப்பாவில் வைக்காதீங்க. மரக் கைப்பிடியைத் தண்ணிக்குள் நிறுத்தி வைக்கவே கூடாது.

தாத்தாவோட பிரஷ்ஷா இருந்தா?

இந்த ஷோவுக்கு அடிக்கடி வர்ற கேள்வி இது. "வீட்டில் பெரியவர் பயன்படுத்தின பிரஷ் இருக்கு. முடியை வெட்டிட்டா அவரே போயிடுவாரே?"

உணர்வு நியாயமானது. சந்தையில் வாங்கின பிரஷ்ஷில் முடி வெறும் முடி. தெரிஞ்ச ஒருத்தர் தினமும் கையாண்ட பிரஷ்ஷில் அப்படி இல்லை. அதனால அங்கே நான் சொல்றது வேற. அதைக் கழற்றாதீங்க, கழுவிப் பயன்படுத்தவும் செய்யாதீங்க. ஒரு கண்ணாடிக் குடுவையில் மூடி வையுங்க. உள்ளே ஒரு சின்னத் தாளில் அவர் பெயர், ஊர், எந்த ஆண்டுவாக்கில் எங்கே வாங்கினார்னு வீட்டில் தெரிஞ்சவங்க யாராவது இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்க. சந்தையில் கிடைக்கிற பிரஷ் எதிலும் இல்லாத ஒண்ணு அந்தத் தாள்தான். முத்திரையைப் பார்த்து ஃபேக்டரியைக் கண்டுபிடிச்சிடலாம், கைப்பிடியை மோந்து பார்த்துப் பத்தாண்டைக்கூடச் சொல்லிடலாம். யார் முகம்னு கண்டுபிடிக்க ஒரு வழியும் கிடையாது.

சுருக்கமா மூணு வரி. காலம் தெரியாத முடி முகத்துக்கு வேண்டாம். கைப்பிடியில் திரும்பக் கொண்டுவர முடியாத எதையும் அழிக்காதீங்க. வீட்டுப் பொருள்னா, முதல்ல எழுதி வையுங்க, அப்புறம் தொடுங்க.

முதல் பிரஷ் வாங்கப் போறீங்கன்னா, மர அல்லது காட்டலின் கைப்பிடி, வெடிப்பு இல்லாதது, எழுத்து படிக்கிற மாதிரி இருக்கிறது, முடி எப்படி இருந்தாலும் பரவாயில்லைன்னு தேடுங்க. முடி நல்லா இருக்குன்னு கூடுதல் விலை சொன்னா சிரிச்சுக்கிட்டே பேரம் பேசுங்க. எப்படியும் நீங்க அதை எடுக்கத்தான் போறீங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.